‘ஸோ ஸேட்’ என்பதைத் தாண்டி வாயில் எதுவும் வரவில்லை

இரவுப்பணி — செவ்வாய், இரவு 11.52

வணக்கம். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். இங்கிலாந்து வேலைக்காக, மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.க்குப் படிக்கிறேன். ரீடிங், லிஸனிங் எப்படியோ சமாளித்துவிடுவேன். ஸ்பீக்கிங்தான் உதைக்கிறது.

தெரியாதவர்களுக்கு: ஸ்பீக்கிங்கில் இரண்டு ரோல்பிளே. ஒரு கார்டு கொடுப்பார்கள். படித்துத் தயாராக 3 நிமிடம், பேச 5 நிமிடம். நாம் நர்ஸ், எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ அவருடைய சொந்தக்காரராகவோ நடிப்பார். இலக்கணம், உச்சரிப்புக்கு மட்டும் மார்க் இல்லை. நோயாளியின் மனநிலையைப் புரிந்துகொண்டு பேசுகிறோமா என்றும் பார்க்கிறார்கள்.

போன சனிக்கிழமை பயிற்சி வகுப்பில் ட்ரெய்னர் ஒரு நோயாளியின் மகளாக நடித்தார். “போன வருடம் இதே வார்டில்தான் என் அம்மா இறந்தார். இப்போது அப்பாவையும் இங்கேயே சேர்த்திருக்கிறோம்” என்றார் ஆங்கிலத்தில். நான் “ஓ, ஸோ ஸேட் மேடம்” என்றேன். அவர் மேலே பேசினார். “வெரி ஸேட்” என்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று கடைசியில் “டோன்ட் ஃபீல் மேடம்” என்றேன். அவர் நடிப்பதை நிறுத்திவிட்டு “டோன்ட் ஃபீல் வாட்?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. என்ன தப்பு என்று பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை எனக்குப் பிடிபடவில்லை.

தமிழில் என்றால் அந்த இடத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை பேசியிருப்பேன். ஆங்கிலத்தில் ஸேட், ஹேப்பி, ஆங்ரி தாண்டி எதுவும் வருவதில்லை. நெட்டில் ‘சோகத்துக்கு 100 ஆங்கிலச் சொற்கள்’ என்று ஒரு பி.டி.எஃப். கிடைத்தது. 38 வரை மனப்பாடம் செய்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் ‘வருத்தமான’, ‘துயரமான’, ‘சோகமான’ என்றே மாற்றி மாற்றி அர்த்தம் போட்டிருக்கிறார்கள். எதை எங்கே சொல்வது?

தேநீர்க்கடை — புதன், காலை 6.40

38 வரை வந்துவிட்டீர்கள், அப்படியே 100-ஐயும் முடித்துவிடுங்கள் சிஸ்டர். நான் ஐ.இ.எல்.டி.எஸ். எழுதியபோது அப்படித்தான் செய்தேன். ‘மெலங்கலி’, ‘டெஸ்பாண்டென்ட்’, ‘லூகூப்ரியஸ்’ என்று மூன்று பெரிய சொற்களை எடுத்துவிட்டால் சொல்வளத்துக்கு மார்க் ஏறும்.

பழையவாத்தியார் — புதன், காலை 9.15

தேநீர்க்கடை தம்பி, நோயாளியின் மகளிடம் போய் ‘லூகூப்ரியஸ்’ என்றால் அந்த அம்மா நர்ஸை மாற்றச் சொல்லிவிடுவார். அதில் லேசான கேலி இருக்கிறது. அளவுக்கு மீறி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிபவரைச் சொல்வது அது. 31 வருடம் ஆங்கில வகுப்பு எடுத்தேன், அந்தச் சொல்லை ஒருவர் சகஜமாகப் பேசிக் கேட்டதில்லை.

இரவுப்பணி அம்மா, உங்கள் ‘டோன்ட் ஃபீல்’ விவகாரத்துக்கு முதலில் வருவோம். ‘ஃபீல்’ ஆங்கிலத்தில் ஒரு காலிப் பாத்திரம். குளிரையும் ஃபீல் பண்ணலாம், பசியையும் பண்ணலாம், சந்தோஷத்தையும் பண்ணலாம். நாம் அந்தப் பாத்திரத்தைக் கடன் வாங்கி வந்து அதில் சோகத்தை மட்டும் ஊற்றி வைத்திருக்கிறோம். “ரொம்ப ஃபீல் பண்ணினான்”, “ஒரே ஃபீலிங்கா இருக்கு”, “ஃபீல் பண்ணாதே மச்சி” என்றால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் புரியும். அதைத் திருப்பி ஆங்கிலத்தில் சொல்லும்போது பாத்திரம் காலியாகப் போய்ச் சேர்கிறது. “டோன்ட் ஃபீல்” என்றால் அவர்கள் காதில் ‘எதையும் உணராதே’ என்று விழும். அம்மாவை இழந்த பெண்ணிடம் சொல்கிற பேச்சா அது?

சந்தேகசுப்பு — புதன், காலை 9.32

அப்போ ‘மூட் அவுட்’?

பழையவாத்தியார் — புதன், காலை 9.50

உள்ளூர்ச் சரக்கு. ‘மூட் ஆஃப்’ என்பதும் இந்தியாவோடு சரி. ‘இன் எ பேட் மூட்’ என்றால் அங்கே சோகத்தைவிடச் சிடுசிடுப்புதான் நினைவுக்கு வரும். ‘டென்ஷன்’ இன்னொன்று. பஸ் வராததிலிருந்து பைபாஸ் ஆபரேஷன்வரை நமக்கு எல்லாமே டென்ஷன். அங்கே ஒன்றுக்கு அனாய்டு, ஒன்றுக்கு ஸ்ட்ரெஸ்டு, ஒன்றுக்கு ஸ்கேர்டு.

வல்லைவெளி — புதன், பிற்பகல் 3.05

தங்கச்சி, நான் லண்டனுக்கு வெளியில் ஒரு முதியோர் வார்டில் 14 வருஷமாக நர்ஸ். அந்தப் பி.டி.எஃப். அலுமாரிக்குள் இருக்கட்டும். இங்கே ஒரு நாளில் என் காதில் விழுகிற சொற்களை எண்ணினால் பதினைந்து தேறாது. லோ, டவுன், அப்செட், வொரீட், ஃபெட் அப், லோன்லி, ஃப்ரைட்டன்ட், டியர்ஃபுல், டிஸ்ட்ரெஸ்டு, இப்படி. எல்லாம் சின்னச் சொற்கள். அதிலும் இங்கத்தை ஆட்கள் ‘எ பிட்’ என்று ஒரு மூடி போட்டுத்தான் திறப்பார்கள். ‘எ பிட் டவுன்’ என்று ஒரு 80 வயதுக் கிழவர் சொன்னால் கொஞ்சம் என்று நம்பி நகர்ந்துவிடக் கூடாது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கேட்க வேண்டும்.

வந்த புதிதில் நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். ஒரு ஐயாவுக்கு வீட்டுக்குப் போகிற நாள் மூன்று முறை தள்ளிப் போனது. மருந்து கொடுக்கப் போனபோது “ஐ’ம் ஃபெட் அப், லவ்” என்றார். நான் பைலில் ‘பேஷண்ட் இஸ் டிப்ரஸ்டு’ என்று எழுதி வைத்தேன். அடுத்த நாள் காலமை சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, “அந்தச் சொல்லை அவர் சொன்னாரா, நீ சொன்னாயா?” என்று கேட்டார். நான் முழுசினேன். “அவர் சொன்ன சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டு அப்படியே எழுது. டிப்ரஸ்டு என்பது டாக்டர் எழுத வேண்டிய சொல்” என்றார். அன்றிலிருந்து ‘பேஷண்ட் ஸ்டேட்ஸ்’ என்று போட்டு அவர்களின் வாய்ச்சொல்லையே எழுதுகிறேன். நான் கண்ணால் கண்டது என்றால் டியர்ஃபுல், வித்ட்ரான் போன்ற சொற்கள். கண்ணில் நீர் நிற்பதும், ஒருவர் யாரோடும் கதைக்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பதும் நான் பார்க்கக்கூடியவைதானே.

இரவுப்பணி — புதன், இரவு 10.20

அக்கா, இதை எங்கள் வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. ரொம்ப நன்றி. சரி, ‘ஸோ ஸேட்’ என்பதற்குப் பதில் அந்த மகளிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

வல்லைவெளி — வியாழன், அதிகாலை 2.48

“ஐ’ம் ஸோ ஸாரி.” அவ்வளவுதான். பிறகு ஒரு மூச்சு விட்டு, “அது உங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், இதே வார்டுக்குத் திரும்பி வருவது” என்கிற மாதிரி ஒரு வசனம். ‘ஸோ ஸேட்’ என்பது டி.வி.யில் செய்தி பார்த்துவிட்டுச் சொல்வது. முன்னால் இருக்கிற ஆளிடம் சொன்னால் நீங்கள் எட்ட நின்று பார்ப்பது போல் இருக்கும்.

தேநீர்க்கடை — வியாழன், காலை 7.10

அவர் அம்மா இறந்ததற்கு நர்ஸ் எதற்கு ஸாரி கேட்க வேண்டும்? ஆஸ்பத்திரி மேல் தப்பு என்று ஒப்புக்கொண்டது போல் ஆகாதா?

பழையவாத்தியார் — வியாழன், காலை 8.30

நல்ல கேள்வி. என் மாணவர்கள் பாதிப் பேர் இங்கேதான் வழுக்குவார்கள். நமக்கு ‘ஸாரி’ என்றால் மன்னிப்பு. பஸ்ஸில் காலை மிதித்தால் ஸாரி. ஆனால் பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் வேர் ‘ஸோர்’, அதாவது புண், வலி. ‘மனம் வலிக்கிறது’ என்பதுதான் அதன் முதல் பொருள், மன்னிப்பு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ‘ஸாரோ’ என்ற சொல் இதற்கு அக்கா தங்கை மாதிரித் தோன்றும். இல்லை, அது வேறு வேர். ஒலி ஒன்றுபோல இருப்பதால் நெருங்கிப் போனவை.

‘ஸேட்’ இன்னும் வேடிக்கை. அது முதலில் ‘வயிறு நிறைந்த’ என்ற பொருளில் இருந்த சொல். ‘ஸேட்டிஸ்ஃபைடு’ என்பதன் தூரத்து உறவு. நிறைந்து, திகட்டி, சலித்து, கனத்து, கடைசியில் சோகத்தில் வந்து நின்றது. ‘ஃபெட் அப்’பும் அதே வழிதான், ஊட்டி ஊட்டித் தெவிட்டிவிட்டது. வல்லைவெளி அம்மாவின் வார்டுக் கிழவருக்கு வீடு திரும்புவேன் என்ற வாக்குறுதியே தெவிட்டிவிட்டது.

ஷார்ஜாக்காரன் — வியாழன், பகல் 1.15

வாத்தியார் ஐயா வகுப்பு என்றால் நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். என் கதை: வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் மேனேஜரிடம் போய், செய்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்வதற்காக “சார், ஐ ஆம் வெரி போரிங் ஹியர்” என்றேன். அவர் தோளில் தட்டி, “அப்படியெல்லாம் சொல்லக்கூடாது, நீ ஜாலியான ஆள்தான்” என்றார். வேலையும் மாறவில்லை.

பழையவாத்தியார் — வியாழன், பகல் 2.40

இதற்கு என் வகுப்பில் ஒரு குறுக்குவழி வைத்திருந்தேன். தமிழில் ‘போர் அடிக்கிறது’ என்கிறோம் இல்லையா? அடிப்பவருக்கு ‘இங்’, அடி வாங்குபவருக்கு ‘எட்’. படம் அடிக்கிறது, அது போரிங். நான் அடி வாங்குகிறேன், நான் போர்டு. செய்தி அடித்தது, அது டிஸப்பாயிண்டிங். வாங்கியவன் டிஸப்பாயிண்டட். பின்வரிசைப் பையன்கள்கூட இதை மறந்ததில்லை.

எல்லா இடத்திலும் ஓடாது, எச்சரிக்கை. பயமுறுத்துவது ‘ஸ்கேரி’, பயந்தவர் ‘ஸ்கேர்டு’. ‘ஸ்ட்ரெஸ்டு’க்கு ஜோடி ‘ஸ்ட்ரெஸ்ஃபுல்’. ‘அப்செட்’ வாலே இல்லாமல் நிற்கும், அதன் ஜோடி ‘அப்செட்டிங்’.

இன்னொன்று, நாம் ஏன் இதில் தடுமாறுகிறோம் என்பது. தமிழில் வருத்தம் ‘எனக்கு’ இருக்கிறது. கோபம் ‘எனக்கு’ வருகிறது. விருந்தாளி மாதிரி வரும், இருக்கும், போகும். ஆங்கிலத்தில் ‘ஐ ஆம்’ போட்டு நானே அதுவாகிவிடுகிறேன். அதனால்தான் பிள்ளைகள் ‘ஐ ஆம் ஹேவிங் ஸேட்னெஸ்’ என்று எழுதுகிறார்கள். பிள்ளைகளின் மூளையில் குறை ஒன்றும் இல்லை. தமிழ் இலக்கணம் உள்ளே ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

சந்தேகசுப்பு — வியாழன், பகல் 3.02

நான் ஒரு சக்கரம் பார்த்தேன், ராபர்ட் ப்ளட்சிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-ல் போட்டது. எட்டு அடிப்படை உணர்ச்சிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று படி. சோகத்துக்கு லேசான படி ‘பென்ஸிவ்னெஸ்’, நடுவில் ‘ஸேட்னெஸ்’, உச்சத்தில் ‘க்ரீஃப்’. நம் தொல்காப்பியத்திலும் மெய்ப்பாடு எட்டுதானே? நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. எட்டுக்கு எட்டு!

பழையவாத்தியார் — வியாழன், மாலை 5.20

எண்ணிக்கை ஒத்துப்போவதில் மயங்க வேண்டாம் சுப்பு. ஆறு கிட்டத்தட்டப் பொருந்தும். ப்ளட்சிக்கிடம் இருக்கும் நம்பிக்கையும் எதிர்பார்ப்பும் தொல்காப்பியரிடம் இல்லை. அவர் வைத்திருக்கும் நகையும் பெருமிதமும் ப்ளட்சிக்கிடம் இல்லை. இளிவரலை ‘டிஸ்கஸ்ட்’ என்று பெயர்ப்பதிலேயே எனக்குத் தயக்கம் உண்டு.

இந்த இழைக்கு உதவுவது வேறு இடம். அழுகை நான்கு காரணத்தால் வரும் என்று தொல்காப்பியர் பிரிக்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இழிவாக நடத்தியது, இழந்தது, இருந்த நிலையிலிருந்து தாழ்ந்தது, இல்லாமை. எவ்வளவு சோகம் என்று அளக்காமல் எதனால் சோகம் என்று பிரித்திருக்கிறார், பாருங்கள். ஆங்கிலப் பெயரடைகளையும் இப்படிப் படித்தால்தான் மனதில் நிற்கும். இளிவால் அழுபவர் ‘ஹ்யூமிலியேட்டட்’. இழவால் அழுபவர் ‘க்ரீவிங்’ அல்லது ‘பிரீவ்டு’. இரண்டுக்கும் ‘வருத்தமான’ என்று ஒரே அர்த்தம் எழுதிய பி.டி.எஃப்.-ஐ என்ன செய்வது?

சந்தேகசுப்பு — வியாழன், மாலை 5.31

இளிவரல் டிஸ்கஸ்ட் இல்லை என்றால் வேறு என்ன? பழைய உரைகளில்

நெறியாளர் — வியாழன், மாலை 6.00

சுப்பு அவர்களின் பதிவும் அதற்கு வந்த 11 பதில்களும் இலக்கியப் பகுதிக்கு நகர்த்தப்பட்டன. அங்கே தொடருங்கள். இங்கே நர்ஸ் அம்மா தேர்வு எழுத வேண்டும்.

இரவுப்பணி — சனி, காலை 8.45

நைட் முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன், தூக்கக் கலக்கத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாத்தியார் ஐயா சொன்னபடி பி.டி.எஃப்.-ஐ மூடிவிட்டு வேறு ஒன்று செய்தேன். நேற்று டியூட்டியில் ஒவ்வொரு படுக்கையாகப் பார்த்து, இவருக்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று ஒரு சின்ன நோட்டில் குறித்தேன். பெயர் எதுவும் எழுதவில்லை.

4-ம் படுக்கை தாத்தா. மகன் வருகிறேன் என்று போனில் சொல்லியிருந்தார். தாத்தா ஏழு மணிக்கே தலை வாரிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பார்வை நேரம் முடிந்து செக்யூரிட்டி எல்லோரையும் அனுப்பும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘ஏமாந்துட்டாரு பாவம்’ என்று ஆயா சொன்னார். நான் ‘சீட்டட்’ என்று எழுதி அடித்துவிட்டு ‘டிஸப்பாயிண்டட்’ என்று எழுதினேன். சரியா?

9-ம் படுக்கை அம்மாவுக்கு டிஸ்சார்ஜ் இரண்டாம் முறை தள்ளிப் போனது. ‘சலிச்சுப் போச்சும்மா’ என்றார். ஃபெட் அப்.

11-ல் இருப்பவருக்கு பயாப்ஸி ரிப்போர்ட் வர வேண்டும். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் கையில் பேப்பர் இருக்கிறதா என்று பார்க்கிறார். ஆங்ஷியஸ்.

6-ல் ஒரு இளம் பெண், பிரசவம் முடிந்தவர், படுக்கை நனைந்துவிட்டது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு ‘அசிங்கமா இருக்குக்கா’ என்றார். இங்கே ‘ஷை’ என்று போட்டிருக்கிறேன். வெட்கம்தானே?

பழையவாத்தியார் — சனி, காலை 10.30

இந்த நோட்டுக்கு முன்னால் என் 31 வருடப் பாடத்திட்டம் ஒன்றும் இல்லை அம்மா.

தாத்தாவுக்கு டிஸப்பாயிண்டட் மிகச் சரி. தமிழில் ‘ஏமாந்துவிட்டேன்’ என்ற ஒரே சொல், ஒருவர் நம்மை மோசம் செய்ததற்கும் ஓடும், நினைத்தது நடக்காததற்கும் ஓடும். ஆங்கிலத்தில் சீட்டட் என்றால் மகன் மேல் மோசடி வழக்கே போட்டது போல. டிஸப்பாயிண்டட் என்றால் எதிர்பார்த்தது வரவில்லை, அவ்வளவுதான். பிரெஞ்சிலிருந்து வந்த சொல். ஆரம்பத்தில் ஒருவரைப் பதவியிலிருந்து நீக்குவதைக் குறித்தது, அதாவது ‘அப்பாயிண்ட்’ செய்ததைப் பிடுங்கிக்கொள்வது. தலை வாரி உட்கார்ந்திருந்த தாத்தாவின் அப்பா பதவியை அந்த ஒரு ராத்திரிக்குப் பிடுங்கிவிட்டார்கள்.

6-ம் படுக்கைதான் இடறல். வெட்கம் என்ற நம் சொல் மூன்று ஆங்கிலச் சொற்களைச் சுமக்கிறது. ‘ஷை’ என்பது சுபாவம். புதியவர்களைக் கண்டால் அம்மாவின் முந்தானைக்குள் ஒளியும் குழந்தை ஷை. ‘எம்பாரஸ்டு’ என்பது ஒரு சம்பவத்தால் வருவது, நாலு பேர் பார்த்துவிட்டார்களே என்ற கூச்சம், செய்தது தப்பில்லை. ‘அஷேம்டு’ என்பது தப்பு செய்துவிட்டோம் என்று உள்ளே அறுப்பது, யாரும் பார்க்காவிட்டாலும் இருக்கும். அந்தப் பெண் எம்பாரஸ்டு.

வல்லைவெளி — சனி, பகல் 12.10

இதில் நானும் ஒன்று சொல்ல வேண்டும். “டோன்ட் பீ அஷேம்டு” என்று ஒரு புது நர்ஸ் இப்படியான ஒரு அம்மாவிடம் சொன்னார், ஆறுதலுக்காகத்தான். அந்த அம்மாவின் முகம் இன்னும் சுருங்கிப் போனது. நான் ஏதோ குற்றம் செய்தேன் என்று நினைக்கிறாளோ என்று. “தெயர்ஸ் நத்திங் டு பீ எம்பாரஸ்டு அபௌட், ஹேப்பன்ஸ் ஆல் த டைம்” என்று சொல்லிக்கொண்டே படுக்கைச் சீலையை மாற்றிவிட வேண்டும். கை வேலை செய்கிறபோது வாய் சொல்கிறது கூடுதலாக ஏறும்.

மற்றது, எங்கட தமிழிலேயே நாங்கள் ஆளுக்கு ஆள் ஆங்கிலம் பெயர்க்க வேண்டியிருக்கிறது. இலங்கையில் எங்கட ஊரில் ‘வருத்தம்’ என்றால் நோய். ‘அம்மாவுக்கு வருத்தம்’ என்றால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. சென்னையிலிருந்து வந்த என் கூட்டாளியிடம் அப்படிச் சொன்னேன். “யார் மேல்?” என்று கேட்டாள். மனம் சரியில்லை என்பதற்கு நாங்கள் ‘கவலையா இருக்கு’ என்போம். அவளுக்குக் கவலை என்றால் ‘வொரீட்’, எனக்குக் கவலை என்றால் ‘ஸேட்’. இங்கத்தைச் சனம் இதற்கு மேல் ஒரு படி, உடம்பு சரியில்லாவிட்டால் ‘பூர்லி’ என்பார்கள். முதல் தரம் கேட்டபோது காசில்லாத ஆள் என்று நினைத்தேன்.

ஷார்ஜாக்காரன் — சனி, பகல் 1.45

ஊரை நினைத்து ராத்திரி தூக்கம் வராதது ஹோம்ஸிக்கா, நாஸ்டால்ஜிக்கா? வெள்ளிக்கிழமை ரூமில் ஒருத்தன் மீன் குழம்பு வைத்தால் எனக்கு இது வருகிறது.

பழையவாத்தியார் — சனி, பகல் 2.30

தூக்கம் வரவில்லை என்றால் ஹோம்ஸிக். குழம்பைச் சாப்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே பழைய கதை பேசினால் நாஸ்டால்ஜிக். முன்பு இரண்டுமே ஒன்றாகத்தான் இருந்தன. 1688-ல் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் பாசல் நகரில் எழுதிய ஆய்வேட்டில் ‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல்லை உண்டாக்கினார். கிரேக்கத்தில் வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு சொற்களை ஒட்டினார். அன்றைக்கு அது நோயின் பெயர். வெளிநாடு போன சுவிஸ்காரர்களுக்கு வருவது என்றார்கள், மருந்துகூட எழுதிக்கொடுத்தார்கள். இப்போது அந்தச் சொல்லில் வலி வற்றி இனிப்பு மட்டும் மிச்சம் இருக்கிறது.

தேநீர்க்கடை — சனி, மாலை 4.00

சரி, ஒப்புக்கொள்கிறேன், லூகூப்ரியஸ் வேண்டாம். ஆனால் சின்னச் சொல்லாகவே பேசினால் ‘வெரி அப்செட், வெரி அப்செட்’ என்று அதே இடத்தில்தானே சுற்றும்? கொஞ்சம் பலமான சொல் வேண்டாமா? ‘வெரி டெவஸ்டேட்டட்’ என்று போடலாமா?

பழையவாத்தியார் — சனி, மாலை 5.15

டெவஸ்டேட்டட் போடலாம், ‘வெரி’ போடக்கூடாது. தண்ணீர் சூடாகலாம், நல்ல சூடாகலாம். கொதித்துவிட்டால் கொதித்ததுதான். ஸேட், அப்செட், ஆங்ரி, டயர்டு எல்லாம் சூடேறும் சொற்கள், வெரி ஒட்டும். டெவஸ்டேட்டட், ஃப்யூரியஸ், டெரிஃபைடு எல்லாம் கொதித்துவிட்டவை. அவற்றோடு ‘அப்ஸல்யூட்லி’ ஒட்டும்.

அப்செட்டைக் குறைத்து நினைக்காதீர்கள். கவிழ்ந்துபோன என்று பொருள், வயிறும் அப்செட் ஆகும், மனமும் ஆகும். ‘ஷீ இஸ் அப்செட் வித் மீ’ என்றால் அதில் கோபம் பாதி, வலி பாதி. மனத்தாங்கல் என்பதற்கு இதைவிடப் பக்கமான சொல் எனக்குத் தெரிந்து இல்லை. பின்னால் வரும் சின்னச் சொல்லைக் கவனியுங்கள். ‘வித்’ வந்தால் ஆள் மேல், ‘அபௌட்’ வந்தால் விஷயம் மேல்.

வல்லைவெளி — சனி, இரவு 7.40

பலமான சொல் கேட்ட தம்பிக்கு: இங்கே பந்து விளையாட்டில் தோற்றால் ‘கட்டட்’ என்பார்கள். மீனுக்குக் குடல் எடுப்பதற்கும் அதே சொல்தான். வார்டில் பாவிக்காதீர்கள், நோயாளி சொன்னால் விளங்கினால் போதும்.

சந்தேகசுப்பு — ஞாயிறு, காலை 9.05

இலக்கியப் பகுதியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். இங்கே யாரும் பேசாத ஒன்று. என் தங்கை கல்லூரியில் எதற்கெடுத்தாலும் ‘ஐ’ம் ஸோ டிப்ரஸ்டு’ என்கிறாள். வைஃபை போனால் டிப்ரஸ்டு. வல்லைவெளி அக்காவின் வார்டு கதையைப் படித்ததும் அவளுக்கு அனுப்பினேன். அவள், “எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள், உனக்கென்ன?” என்கிறாள்.

இரவுப்பணி — ஞாயிறு, காலை 11.30

பேச்சில் எல்லோரும் சொல்வது உண்மைதான். ஆனால் எங்கள் பக்கத்தில் கேள்வித்தாள் வைத்துக் கேட்பது ‘கடந்த இரண்டு வாரமாக’ என்றுதான். அநேகமாக தினமும் இருக்கிறதா, தூக்கம், பசி, எதிலாவது ஆசை இருக்கிறதா என்று ஒன்பது கேள்வி போகும். வைஃபை இரண்டு வாரம் போகாது.

இதில் எனக்கு இருக்கிற ஆதங்கம் என்னவென்றால், எல்லோரும் அந்தச் சொல்லைச் சில்லறையாகச் செலவழித்துவிட்டால் நிஜமாகவே அந்த நிலையில் இருப்பவர் என்ன சொல்லி எங்களிடம் வருவார்? போன மாதம் ஒரு பையன் வந்தான், ‘ஒண்ணுமே தோணலக்கா’ என்று மட்டும் சொன்னான். சோகம் என்றோ அழுகை என்றோ எதுவும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் அதற்கு ‘நம்ப்’ என்று நோட்டில் எழுதியிருக்கிறேன், மரத்துப்போனது. வகுப்பில் யாரும் சொல்லித்தராத சொல் அது. தங்கையோ வேறு யாரோ நிஜமாகவே அப்படி இருந்தால் 14416, டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், இலவசம்.

பழையவாத்தியார் — ஞாயிறு, பகல் 12.15

‘ஆதங்கம்’ என்று போட்டீர்களே, அதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வீர்கள்? நான் பல வருடமாகத் தேடுகிறேன். ரிக்ரெட் இல்லை, க்ரீவன்ஸ் இல்லை, ஃப்ரஸ்ட்ரேஷனும் இல்லை.

இரவுப்பணி — ஞாயிறு, பகல் 12.20

ஐயா, அது எனக்கு வராமல் இருந்தால் போதும், இன்னும் 13 நாள்தான் இருக்கிறது.

இரவுப்பணி — சனி, மாலை 6.30

தேர்வு முடிந்தது. கார்டில் என்ன இருந்தது என்று வெளியில் சொல்லக்கூடாது, அதனால் அது வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். எதிரில் இருந்தவர் ஒரு வசனம் சொல்லிவிட்டு நிறுத்தினார். வழக்கமாக அந்த இடத்தில் நான் அடுத்த கேள்விக்கு ஓடிவிடுவேன். இந்த முறை ஓடவில்லை. அவர் சொன்ன சொல்லையே எடுத்து, “யூ செட் யூ’ர் ஃபெட் அப்” என்று திருப்பிச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன். மனதுக்குள் மூன்று எண்ணினேன். அவர் மேலே பேச ஆரம்பித்துவிட்டார், கார்டில் மிச்சம் இருந்த பாதி வேலையை அவரே செய்துவிட்டார். ‘ஸேட்’ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ‘டோன்ட் ஃபீல்’ நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

இரண்டாவது ரோல்பிளேயில் ‘வெரி டெரிஃபைடு’ என்று சொல்லித் தொலைத்தேன். வாத்தியார் ஐயா மன்னிக்கவும்.

பழையவாத்தியார் — சனி, மாலை 7.00

தண்ணீர் ரொம்பக் கொதித்துவிட்டது போல. பரவாயில்லை அம்மா.

ஷார்ஜாக்காரன் — சனி, இரவு 8.10

சூப்பர் சிஸ்டர்! ரிசல்ட் எப்போ?

இரவுப்பணி — சனி, இரவு 9.25

கொஞ்ச நாள் ஆகும். அதுவரை சோறு இறங்காது. ஐயா, இப்போது நான் நெர்வஸா, ஆங்ஷியஸா?

பழையவாத்தியார் — சனி, இரவு 9.40

காலையில் ஹாலுக்கு வெளியே நின்றபோது நெர்வஸ். இனி உங்கள் கையில் ஒன்றும் இல்லை, காத்திருப்பது மட்டும்தான், அதனால் ஆங்ஷியஸ். 11-ம் படுக்கைக்காரர் மாதிரி.

இரவுப்பணி — சனி, இரவு 9.48

அவர் ரிப்போர்ட் வந்துவிட்டது ஐயா. ஒன்றும் இல்லை, சாதாரணக் கட்டிதான். போகும்போது வார்டு முழுக்க லட்டு கொடுத்தார். அதற்கு ‘ரிலீவ்டு’ என்று நோட்டில் எழுதிவிட்டேன்.

வல்லைவெளி — ஞாயிறு, அதிகாலை 3.15

இப்பதான் பிரேக். உனக்கு இப்ப இருக்கிறதுக்கு எங்கட ஊரில் ‘அந்தரம்’ என்று பெயர் தங்கச்சி. போய்ப் படு.